கையைக் காட்டு

ஜூன் 9

அச்சாபீஸில் கழித்துப் போட்ட டைரி இது. தேதி சரி, கிழமை தப்பு. எல்லாப் பக்கத்திலும் ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் கட்டாகத் தூக்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். பாதிப் பேர் கிழித்துக் கடலை மடிக்கிறார்கள். நான் கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

பார்லரில் இன்று எனக்குப் பெயர் மாறியது. சண்முகக்கனி என்றால் கஸ்டமருக்கு வாயில் நுழையாதாம். "இனிமே நீ ஷனா" என்றார் புஷ்பகலா மேடம். எனக்கு முன்னால் சேர்ந்த அக்கா அங்கே பத்ரா. வீட்டில் பத்திரகாளி. "காளி கையால பேஷியல் பண்ணிக்கிட எவத்தா வருவா?" என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

கீழே செல்போன் கடை, மேலே நாங்கள். ஜன்னல் இல்லை. கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளைக்காரி முகங்களை ஒட்டி மூடியிருக்கிறது. உள்ளே இருந்தால் வெளியே வெயிலா மழையா என்றே தெரியாது.

தலைக்கு டை போடுவது எப்போதும் கடைசியாகச் சேர்ந்தவள் வேலை. வெறும் கையால்தான். கையுறை போட்டால் முடியின் வேர் விரலுக்குத் தட்டுப்படாது என்கிறார் மேடம். டை டப்பாவுக்குள் ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை மடித்து வைத்திருக்கிறார்கள். அதன் விரல்களை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைக் கஸ்டமரின் காதுகளில் மாட்டிவிடுகிறோம். காதில் கறை படியக் கூடாது. என் கையைவிட அவர்கள் காது உசத்தி.

பரவாயில்லை. ஆவணிக்குள் மேடம் என்னைச் சேரில் நிறுத்த வேண்டும். சேரில் நிறுத்துவது என்றால் எனக்கென்று ஒரு நாற்காலி, என்னைக் கேட்டு வரும் கஸ்டமர், புருவம், பேஷியல், கல்யாண மேக்கப். அதுவரை பெருக்குவது, தலை அலசுவது, டை. அம்மா சொல்லிவிட்டாள்: "ஆவணி வரைக்கும் பாப்பேன். சேர் குடுக்கலேன்னா போர்மேன்கிட்ட சொல்லி வேன்ல ஒனக்கும் ஒரு எடம் போட்ருவேன். நானும் எம்புட்டு நாளு ஒத்தையில இழுப்பேன்?"

பட்டாசாபீஸ் வேன் விடியற்காலையில் எங்கள் தெரு முனையில் ஹாரன் அடிக்கும். அம்மா ஓடுவாள். சாயந்திரம் வரும்போது கையெல்லாம் வெள்ளிப் பொடி. எத்தனை தடவை கழுவினாலும் சோற்றுருண்டையில் மினுக்கும். அந்த வேனில் நான் ஏற மாட்டேன்.

ஜூன் 15

விரல் இடுக்கில் அரிப்பு. வேர்க்குருவாக இருக்கும்.

ஜூன் 21

ரிட்டையர்டு டீச்சர் ஒருவர் டை போட வந்தார். உட்காரும்போதே பயம். "போன தடவ வேற எடத்துல போட்டு மண்டையெல்லாம் அரிச்சிருச்சும்மா. இது எனக்குச் சேருமா?"

மேடம் என்னைக் கூப்பிட்டார். "ஷனா, கையைக் காட்டு."

நீட்டினேன். பிரஷ்ஷால் தொட்டு முழங்கைக்குக் கீழே உள்பக்கமாக ஒரு பொட்டு வைத்தார். டீச்சர் டீ குடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றேன். பிறகு துடைத்துக் காட்டினார்.

"பாருங்க டீச்சர். பச்சப்புள்ளத் தோலு. இதுக்கே ஒண்ணும் செய்யல, ஒங்களுக்கு என்ன செய்யப் போகுது?"

டீச்சர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா வாழைத்தண்டு மாதிரி இருக்குடி" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை நாளில் அந்த அறையில் யாரும் என்னைத் தொட்டுப் பார்த்துப் பேசியதில்லை.

டப்பாவுக்குள் பொடி எழுத்தில் ஒரு காகிதம் வருகிறது. ஒருவரும் படிப்பதில்லை. பெருக்கி அள்ளினேன்.

ஜூன் 23

பொட்டு வைத்த இடம் சிவந்து தடித்திருக்கிறது. நடுவில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம்.

அம்மா பார்த்தாள். "முந்தாநாத்து கத்திரிக்கா வாரி வாரித் தின்னேல்ல? அதான்." கத்திரிக்காய் நின்றது. கருவாடும் நின்றது. என் சோற்றில் இனி மிச்சம் இருப்பது ரசம்.

ஜூன் 30

இன்னொரு பயந்த கஸ்டமர். "ஷனா, கையைக் காட்டு." வலது கையை நீட்டினேன். மேடம் பார்த்தார். இடது கையை எடுத்துக்கொண்டார்.

ஜூலை 5

மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். தடவிய மறுநாளே மாயம் போல அடங்கியது. விட்டால் முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது. இப்போது விரல் நுனியில் வெடிப்பு. ஷாம்பு படும்போது எலுமிச்சை பிழிந்த மாதிரி எரிகிறது. எந்த விரலால் எழுதுவது என்று யோசித்துப் பேனாவைப் பிடிக்கிறேன்.

ஜூலை 11

பத்ரா அக்கா ஒரு கல்யாணப் பெண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் மேடம் எனக்கு ஒரு பேஷியல் கொடுத்தார். முதல் பேஷியல்! ஜவுளிக்கடைக்காரர் மனைவி. கண்ணை மூடிப் படுத்திருந்தவர், என் விரல் கன்னத்தில் பட்டதும் கண்ணைத் திறந்தார்.

"என்னடி இது, சொரசொரன்னு? கையை இங்க கொண்டா." பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஐயே! இந்தக் கையாலயா என் மூஞ்சியத் தொட்ட? ஒட்டிக்கிடாதா? கலா, என்ன புள்ளைங்கள வச்சிருக்க நீ?"

மேடம் மன்னிப்புக் கேட்டார். காசு வேண்டாம் என்றார். அந்த அம்மாள் மூஞ்சியைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். கண்ணாடி வழியாக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பிறகு மேடம் முடிவு சொன்னார். இனிமேல் நான் முகத்தைத் தொடக் கூடாது. டை மட்டும். டை போடுகிறவள் பின்னால்தான் நிற்பாள், அவள் கையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

டையால்தானோ என்று எனக்கு ஒரு தடவை தோன்றியது. இல்லை. டை என்றால் பத்ரா அக்காவுக்கும் வந்திருக்க வேண்டும். அவளும் இதே வேலை பார்த்தவள்தானே? அவளுக்கு ஒன்றுமில்லை. என் உடம்புதான் கோளாறு.

ஜூலை 13

வீட்டில் ஸ்பூனால் சாப்பிட்டேன்.

"என்ன, தொரசானி மாதிரி?" என்றாள் அம்மா. கையைப் பிடுங்கிப் பார்த்தாள். விரல் விரலாக விரித்தாள். பிறகு, "எனக்கும் இருந்துச்சு. வேன்ல பாதிப் பொம்பளைகளுக்கு இருக்கும். வந்துட்டுப் போயிரும்" என்றாள்.

அவள் கட்டைவிரலின் அடியைப் பார்த்தேன். வெள்ளிப் பொடிக்குக் கீழே நீளமாக வெடித்திருந்தது. போகவில்லை. அவள் பார்ப்பதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

"போர்மேன் நேத்தும் கேட்டாரு" என்றாள்.

ஜூலை 18

பத்ரா அக்கா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். "லூசு, மறைக்கத் தெரியல ஒனக்கு. மெகந்தி போட்டுக்கோ. கோடும் பூவுமா நெரப்பிவிட்டா அடியில என்ன இருக்குன்னு எவளுக்குத் தெரியும்?"

சாதாரண மெகந்தி செம்மண் நிறம்தான் பிடிக்கும். வெடிப்பு தெரியும். அதனால் கறுப்புக் கோன். கல்யாணப் பெண்கள் கேட்பது அதைத்தான். சீக்கிரம் பிடிக்கும், கரி மாதிரி இருக்கும். மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் உட்கார வைத்து இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை போட்டுவிட்டாள். மாங்காய், கொடி, விரல் நுனியெல்லாம் முழுக் கறுப்பு.

"பாரு, இப்ப நீதான் பொண்ணு. மாப்ளதான் இல்ல."

"மாப்ள வேன்ல வாராரு" என்றேன். இருவரும் சிரித்தோம். லேசாக எரிந்தது. புண்ணில் பட்டால் எரியத்தானே செய்யும்.

சாயந்திரம் இரண்டு கஸ்டமர் டிசைன் நல்லா இருக்கிறது என்றார்கள். மேடம் தூரத்திலிருந்தே பார்த்தார். பக்கத்தில் வரவில்லை. "இந்த ஆடி தாண்டட்டும். ஒன்னையச் சேர்ல நிறுத்துறதப் பத்தி யோசிக்கிறேன்" என்றார்.

ஜூலை 20

இடது கையால் எழுதுகிறேன். மாங்காயும் கொடியும் அப்படியே கொப்புளமாக எழும்பிவிட்டன. கோடு போட்ட இடமெல்லாம். வலது கை மடங்கவே இல்லை.

ஜூலை 23

பெரியாஸ்பத்திரி தோல் டாக்டர் வரிசை. அம்மா வேனை விட்டுவிட்டுக் கூட வந்தாள்.

வரிசையில் எல்லாரும் கையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், இப்படிக் கைகளைப் பார்த்ததில்லை. வெளியே எல்லாரும் மடக்கி, முந்தானையில் சுற்றி, சட்டைப் பையில் விட்டு வைத்திருக்கிறார்கள். இங்கேதான் விரிக்கிறார்கள்.

முன்னால் நின்ற கொத்தனார் திரும்பி, "என்ன வேலத்தா ஒனக்கு?" என்றார்.

"பார்லரு."

"அழகுபடுத்துற எடத்துலயுமா! நாங்கூட சிமிண்டுக்குத்தான் இந்தக் கொணம்னு நெனச்சேன்." பிறகு வரிசையைக் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அறிமுகம் செய்கிற மாதிரி காட்டினார். "இந்தக்கா ஓட்டல்ல பாத்திரம் வெளக்குது, சோப்பு. அந்தத் தம்பிக்கு அச்சாபீஸ் மை. அங்க ஒரு நர்சம்மா நிக்குது பாரு, அதுக்குக் கையுறையே ஆகலையாம். எங்க போயி முட்டிக்கிட?"

நர்சம்மா காதில் விழுந்து சிரித்துவிட்டது. "ஒரு வரிசையில நின்னா அண்ணே குடும்ப அட்டையே போட்ருவாரு."

டாக்டர் சின்ன வயசு. என் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பாக்குற?" கத்திரிக்காய் பற்றி அம்மா சொன்னாள். டாக்டர் அம்மாவைப் பார்த்து, "கத்திரிக்காய் பாவம்மா. அது என்ன செஞ்சுச்சு?" என்றார்.

ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை. எங்கே போனாலும் இருக்கிறதாம். பத்துப் பேரை நிறுத்தினால் வருஷத்தில் ஒரு தடவையாவது ஒருத்தருக்குக் கை இப்படி ஆகிறது. தண்ணியிலும் மருந்திலும் கை வைக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். "யாரும் சொல்றதில்ல, அதனால எல்லாரும் தனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிடுறாங்க."

ஒட்டாது என்று ஒரு அட்டையில் எழுதி அந்த ஜவுளிக்கடை வீட்டு வாசலில் மாட்ட வேண்டும்.

எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்க மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 31

மதுரையில் என் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொட்டலம் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது. ஆடி மாசத்துச் சிவகாசியில் வேர்க்கக் கூடாது! அம்மா விசிறிக்கொண்டே இருக்கிறாள். நடு முதுகில் ஒரு இடம் மட்டும் உயிர் போகிறது. எது என்று எனக்குத் தெரிய வேண்டாம் போல இருக்கிறது.

ஆகஸ்ட் 4

டைதான்.

தலைமுடிக்குக் கறுப்பு கொடுக்கிற மருந்து. கறுப்புக் கோனிலும் அதையேதான் கலக்கிறார்களாம். மறைக்கிறேன் என்று நோயையே எடுத்துக் கையில் பூசிக்கொண்டிருக்கிறேன். உயிர் உள்ளவரை இனி அது எனக்கு ஆகாது. தொட்டால் திரும்ப வரும்.

"எல்லாருக்கும் வந்துராது" என்றார் மதுரை டாக்டரம்மா. "ஒருத்தருக்குச் சேரும், ஒருத்தருக்குச் சேராது. சேராட்டி அன்னைக்கே தெரியாது, ரெண்டு நாள் ஆகும். அதான் போடுறதுக்கு முன்னாடி அவங்கவங்க காதுக்குப் பின்னாடி தொட்டு வச்சுப் பாக்கணும்னு டப்பாவுலயே போட்ருக்கான்."

"எங்க கடையில எல்லாருக்கும் என் கையிலதான் மேடம் பாப்போம்."

அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். எவ்வளவு கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருத்தி நின்றிருக்கிறாள்.

ஆகஸ்ட் 6

பார்லருக்குப் போனேன். ஆடியில் ஆளில்லை. மேடம் தனியாக இருந்தார். மருத்துவமனைச் சீட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"டைதானே?" என்றார்.

மேடம் வெயில் காலத்திலும் முழுக்கை ரவிக்கை போடுவார். கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். கைக்குட்டையை எடுத்துவிட்டு உள்ளங்கையைக் காட்டினார். குதிகால் வெடிப்பு மாதிரி இருந்தது.

"பன்னெண்டு வருசமா இருக்கு. நான் ஏன் டை தொடுறதில்லன்னு நெனச்ச?"

"அப்ப தெரிஞ்சேதான் என் கையில வச்சீங்களா?"

"யார் கையிலயாவது வச்சுத்தான ஆகணும்?"

"கஸ்டமர் கையில வைங்க."

"வச்சா ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லணும். அந்த ரெண்டு நாள்ல எதுத்த கடைக்குப் போயிருவா. அங்கயும் ஒன்னைய மாதிரி ஒருத்தி கையைக் காட்டிக்கிட்டு நிப்பா." குரலை உயர்த்தவே இல்லை. "பத்ராவுக்கு ஒத்துக்கிருச்சு, எனக்கும் ஒனக்கும் ஒத்துக்கல. அது தலையெழுத்து. கத்திக் கெடுத்துக்காத."

சீட்டைக் கிழித்து அவர் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. தெரு நடுவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. அப்போது அவர் சொன்னார்:

"ஆடி முடியவும் ஒரு புள்ள வருது. டை அவ பாத்துக்கிடுவா. நீ மருந்து போட்டு கையைத் தேத்திக்கிட்டு வா. ஆவணி ஒண்ணுலருந்து ஒன்னையச் சேர்ல நிறுத்துறேன்."

சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சேர் கிடைத்துவிட்டது என்றேன். அடுப்படியில் திரும்பி நின்று அழுதாள். போர்மேனிடம் நாளைக்கே சொல்லிவிடுவாளாம், மகள் வர மாட்டாள் என்று.

ஆகஸ்ட் 18

புதுப் பெண் வந்துவிட்டாள். வெயிலாட்சி. சாத்தூர் பக்கம் ஏதோ ஊர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்திருக்கிறாள். வந்ததும் ஒவ்வொரு கண்ணாடியிலும் தன்னைப் பார்த்துக்கொண்டாள். மேடம் அவளுக்கு வெனிஷா என்று பெயர் வைத்தார்.

"அது எந்த ஊர்க்கா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

டை கலக்குவது எப்படி என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்றடி தள்ளி நின்று. கையுறை பற்றி நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 22

ஒரே நாளில் ஒன்பது புருவம். நூல் பிடிக்கும் விரலில் தோல் புதுசாக மூடியிருக்கிறது. ஒருத்தி போகும்போது, "அடுத்த தடவ ஒன்கிட்டதான் வருவேன்" என்றாள்.

ஆகஸ்ட் 27

டப்பாவைப் பிரித்ததும் வெயிலாட்சியிடம், "கையுறையப் போட்டுக்கோ" என்றேன். சொல்லிவிட்டேன். மேடம் கேட்டுவிட்டார். "அப்ப காதுக்கு என்ன மாட்டுவ, ஒன் ரிப்பனையா?" வெயிலாட்சி சிரித்துக்கொண்டே கத்தரியை எடுத்து விரல்களை நறுக்கினாள்.

நான் சொன்னேன். சொல்லாமல் இல்லை.

செப்டம்பர் 4

கல்யாண மேக்கப், முழுசாக நானே. பெண்ணின் அம்மா என் கையில் பழமும் வெற்றிலையும் வைத்துக் கொடுத்தார். என் கையில்.

செப்டம்பர் 12

அந்த ரிட்டையர்டு டீச்சர் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கைக்குப் பயம். "எனக்குச் சேருமாம்மா?"

மேடம் கல்லாவில் இருந்து எழவில்லை. "வெனிஷா, கையைக் காட்டு." பிறகு என்னைப் பார்த்து, "ஷனா, நீ கொஞ்சம் வச்சுவிடு. பிரஷ்ஷாலதானே, ஒன் கையில படாது" என்றார்.

வெயிலாட்சி ஓடி வந்து நீட்டினாள். சிரிப்பு. டீச்சருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தங்கைக்காரி காதோரம் முடியை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தக் காதுக்குப் பின்னால் வைக்க எனக்குக் கை எட்டும். கையை நீட்டக்கூட வேண்டாம்.

பத்ரா அக்கா என்னைப் பார்த்தாள். மேடம் பார்க்கவில்லை. அவருக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

வெயிலாட்சி கையில் வைத்தேன். சின்னப் பொட்டுதான்.

"குளுகுளுன்னு இருக்குக்கா" என்றாள்.

செப்டம்பர் 14

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வெயிலாட்சி தூக்குச்சட்டியைத் திறக்காமல் முழங்கைக்குக் கீழே சொறிந்துகொண்டிருந்தாள். சிவந்து தடித்திருந்தது. நடுவில் நீர்க்கொப்புளம்.

"விரல் இடுக்குலயும் ஒரு வாரமா அரிக்குதுக்கா. எதனால இருக்கும்?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஸ்பூன் இல்லாமல்.

"நேத்து ஆத்தா கத்திரிக்கா வச்சிருந்துச்சு" என்றாள். "அதான் போலுக்கா."

"ஆமா" என்றேன். "கத்திரிக்காதான்."